அவர் வரமாட்டார் என்பது எனக்குத் தெரியும்

1

சென்ற வியாழக்கிழமை மாலை எங்கள் ஊர் நூலகத்தின் கீழ்த்தளத்தில் ஒரு தேர்தல் விவாதம் நடந்தது. எங்கள் ஊர் என்று எழுதும்போது கை ஒரு கணம் நிற்கிறது. பதினாறு வருடமாக நான் வாழும் கனடாவின் சமவெளி நகரத்தைத்தான் சொல்கிறேன். பட்டாபிராமுக்கும் நெமிலிச்சேரிக்கும் நடுவே இருக்கும் இன்னொரு எங்கள் ஊரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இங்கே மாகாணத் தேர்தல். எங்கள் தொகுதியில் நான்கு வேட்பாளர்கள். உள்ளூர் கேபிள் சேனல் விவாதத்தை நேரலையாகக் காட்டியது. மூன்று பேர் வந்தார்கள். ஜெயிப்பார் என்று எல்லோரும் சொல்லும் நான்காமவர் வரவில்லை. அவருக்கு வேறொரு நிகழ்ச்சி இருப்பதாக நடத்துநர் ஒரு துண்டுச் சீட்டைப் பார்த்து வாசித்தார். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள்.

என் பக்கத்தில் என் மகன் ஆதவன். பத்தொன்பது வயது. "அப்பா, அந்த வேட்டையாளர் ஏன் வரல?" என்று காதருகே கேட்டான். வேட்பாளர் என்று சொல்ல வந்திருக்கிறான். சனிக்கிழமை வகுப்பில் படித்த தமிழ் அவனிடம் வருடத்துக்கு நாலு சொல்லாகத் தேய்ந்துகொண்டு வருகிறது. வழக்கமாக உடனே திருத்துவேன். அன்றைக்கு வாய் வரவில்லை.

எங்கள் பேருந்துத் தடத்தை நிறுத்தப்போவதைப் பற்றி ஒரு கேள்வி எழுதி எடுத்துப் போயிருந்தேன். மைக்கோடு ஒரு பெண் என்னிடம் வந்தபோது வேண்டாம் என்று தலையசைத்துவிட்டேன். காரில் வரும்போது ஆதவன் விடவில்லை.

"கேள்வி கேக்கத்தானே போனோம்?"

"கேக்க வேண்டிய ஆள் வரலையேடா."

"மத்த மூணு பேர் இருந்தாங்களே. டிவி இருந்துச்சே."

நான் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினேன். கோபம் என்று நினைத்திருப்பான். கோபம் இல்லை. போன வருடம் அம்பத்தூரில் இதே மாதிரி ஒரு கூடத்தில், வராத ஒரு மனிதரை எதிர்பார்த்து என் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அன்று அந்தக் கூடத்தில் இருந்த இருநூறு பேரில், அவர் வரமாட்டார் என்று முன்பே தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

2

நாங்கள் மூன்று பேர். நான் மூத்தவன். என்னைவிட இரண்டு வயது சின்னவள் செல்வி. கடைக்குட்டி முரளி எனக்குப் பன்னிரண்டு வயது இளையவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த நான் இங்கே வந்து ஒரு பேருந்து டெப்போவில் சேர்ந்தேன். செல்வி எங்கள் பழைய வீட்டிலேயே கணவரோடு இருந்தாள். தேவராஜ் மாப்பிள்ளை சொந்தமாக லோடு ஆட்டோ ஓட்டியவர். முரளி படித்து, கம்ப்யூட்டர் வேலைக்குப் போய், முகப்பேரில் ஃபிளாட் வாங்கினான்.

நான்கு வருடத்துக்கு முன், மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, மாப்பிள்ளைக்கு நெஞ்சுவலி வந்தது. எங்கள் நகரிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போக ரயில்பாதைக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை. அதில் இடுப்பளவு தண்ணீர். ஆம்புலன்ஸ் எங்கெங்கோ சுற்றிக்கொண்டு வந்து, சுற்றிக்கொண்டே திரும்பியது. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது அவர் இல்லை. அன்று வண்டியில் அவர் கூட இருந்தவன் முரளி.

காரியத்தை நான் போனில் பார்த்தேன். டெப்போவின் சாப்பாட்டு அறையில் நின்றுகொண்டு, உறைந்து உறைந்து நகரும் படத்தில். துக்க விடுப்புக்கான படிவத்தில் மனைவி, பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தோர் என்று நான்கே கட்டங்கள். தங்கையின் கணவருக்குக் கட்டம் இல்லை. "பிரதர்" என்று போட்டுவிடு, யார் கேட்கப்போகிறார்கள் என்றார் மேற்பார்வையாளர். பொய் எழுத மனம் வராமல் உள்ளபடி எழுதினேன். விடுப்பு இல்லை என்று வந்தது. அந்த நேர்மையை நினைத்து அப்போது எனக்குக் கொஞ்சம் பெருமை கூட இருந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு எங்கள் வார்டு கவுன்சிலர் வந்தார். பெயரும் கட்சியும் வேண்டாம். பந்தலில் எல்லோர் முன்பும் செல்வியிடம், "அடுத்த மழைக்குள்ள அந்தப் பாதையில ஒரு சொட்டுத் தண்ணி நிக்காதும்மா. இது என் வார்த்தை" என்றார். அடுத்த மழையிலும் நின்றது. அதற்கடுத்த மழையிலும் நின்றது. செல்வி மனு மேல் மனுவாகக் கொடுத்தாள். ஒவ்வொன்றின் நகலிலும் 'பெறப்பட்டது' என்று முத்திரை வாங்கி ஒரு நீல ஃபைலில் கோத்து வைத்தாள்.

3

போன வருடம் ஆறு வார விடுப்பில் போனேன். சட்டமன்றத் தேர்தல் நேரம். அந்தக் கவுன்சிலர் இப்போது சட்டமன்ற வேட்பாளர். முரளி கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, தேர்தல்களுக்கு ஊடக ஆலோசனை சொல்லும் ஒரு சின்ன நிறுவனம் நடத்திக்கொண்டிருந்தான். அவனுடைய அந்தத் தேர்தல் வேலை அதே வேட்பாளருக்குத்தான். செல்விக்கும் அது தெரியும். "அவன் பொழப்பு அது. நான் ஒண்ணும் கேக்கல" என்றாள்.

நான் போய் இறங்கிய ஐந்தாம் வாரம் செல்விக்கு ஒரு தொலைக்காட்சியிலிருந்து போன் வந்தது. தொகுதி வேட்பாளர்களை ஒரே மேடையில் உட்காரவைத்து மக்களைக் கேள்வி கேட்கவைக்கும் நிகழ்ச்சி. யாரோ அவளுடைய மனுவை வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டிருக்கிறார்கள். நீங்கள் அவரிடம் நேராகவே கேட்கலாம் அம்மா, ஒரு நிமிடம் தருவோம் என்று ஒருங்கிணைப்பாளர் பெண் சொல்லியிருக்கிறாள்.

செல்வி மேடையில் பேசியவள் இல்லை. மூன்று நாள் பயிற்சி. நான் கைப்பேசியில் நேரம் பார்ப்பேன். அவள் சமையல்கட்டில் நின்று சொல்வாள். முதல் நாள் ஐந்து நிமிடம் ஆனது. மாப்பிள்ளை அன்று காலை இட்லி வேண்டாம் என்று சொன்னதிலிருந்து ஆரம்பித்தாள்.

"அதெல்லாம் வேணாம் செல்வி. வாக்குக் குடுத்தீங்க, செய்யல, ஏன்? அவ்ளோதான்."

"அவரு இட்லி வேணாம்னு சொன்னப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்திச்சுண்ணா. அத்த உட்டுட்டு எப்டி சொல்றது?"

கடைசியில் ஐம்பத்தெட்டு நொடிக்குக் கொண்டுவந்தோம். இட்லி போய்விட்டது.

விவாதத்துக்கு முந்தின நாள் முரளி கூப்பிட்டான் என்று முகப்பேருக்குப் போனேன். அவன் மனைவியும் பிள்ளையும் வெளியே போயிருந்தார்கள். கதவைச் சாத்திவிட்டு, உட்காரச் சொல்லாமலே ஆரம்பித்தான்.

"அண்ணா, நாளைக்கு அவரு வர மாட்டாரு. இது நம்ம ரெண்டு பேரோட நிக்கணும்."

"ஏன்டா?"

"போனா நஷ்டம், போவலன்னா ஒண்ணும் இல்ல. போனாருன்னு வெச்சுக்கோ, அக்கா மாதிரி ஒருத்தங்க எழுந்து நிப்பாங்க. இவரு முழிப்பாரு. அந்த அரை நிமிஷத்த வெட்டி ஊரெல்லாம் அனுப்புவானுங்க. போவலன்னா ரெண்டு நாள் பேசுவாங்க. மூணாவது நாள் எல்லாரும் மறந்துடுவாங்க. அதே நேரத்துல ரோட்டுல இறங்கி ஜனங்களோட நிக்கறாரு, நாம லைவ் போடறோம். அப்ப எது பெருசா தெரியும்?"

"வராம இருக்கச் சொன்னது நீயா?"

அவன் ஜன்னல் பக்கம் போய் நின்றான்.

"அக்காவ நாளைக்கு எங்கனா கோயிலுக்கு இட்டுகினு போயிடுண்ணா. அங்க போயி ஏமாந்து நிக்க வேணாம்."

"முரளி, செத்தது யாருடா? நம்ம மாப்பிள்ளை."

திரும்பினான். அவன் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை.

"அத்த நீ எனக்குச் சொல்றியா? வண்டியில நான் இருந்தேண்ணா. இன்னும் எவ்ளோ தூரம், இன்னும் எவ்ளோ தூரம்னு கேட்டுகினே வந்தாரு மாமா. வந்துட்டோம் மாமா, வந்துட்டோம் மாமான்னு சொல்லிகினே போனேன். நீ அப்ப எங்க இருந்த?"

கிளம்பினேன். அதற்கு மேல் எப்படிப் பேசுவது? சாப்பாட்டு அறையில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். வாசல்வரை கூட வந்த முரளி என் கையைப் பிடித்தான். "இவரு ஜெயிச்சாதான் அந்தப் பாதைக்கு எதனா செய்ய வைக்க முடியும். நான் பாத்துக்கறேன். அக்காகிட்ட மட்டும் சொல்லாத. வெளிய போச்சுன்னா எதிர்க்கட்சிக்காரன் காலையிலயே போஸ்டர் அடிச்சுடுவான்."

பேருந்தில் திரும்பி வரும்போது சொல்லிவிடுவதா வேண்டாமா என்று மாற்றி மாற்றி யோசித்தேன். சொன்னால் அக்காவும் தம்பியும் முறித்துக்கொள்வார்கள், எட்டு நாளில் நான் விமானம் ஏறிவிடுவேன், யார் ஒட்டவைப்பது? இது ஒரு காரணம். கடைசி நேரத்தில் அவர் மனம் மாறி வந்துவிட்டால்? இது இன்னொன்று. வீட்டுக்குள் நுழைந்தபோது செல்வி நாளைக்கு உடுத்த வேண்டிய சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "முரளி இன்னா சொன்னான்?" என்றாள். "சும்மாதான், பாக்கணும்னான்" என்றேன்.

4

மண்டப வாசலில் வாக்காளர் அட்டை கேட்டார்கள். செல்வி காட்டினாள். நான் கனடா குடியுரிமை வாங்கிக்கொண்டு இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைத்தவன். வெளிநாட்டு இந்தியர் அட்டையை நீட்டினேன். அந்தப் பெண் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"இது இன்னா சார்? ஓட்டு இருக்கா உங்களுக்கு?"

"இல்லைம்மா."

"அப்ப துணைக்கு வந்தவர்னு போட்டுக்கறேன்."

நான்கு மணிக்கு நிகழ்ச்சி. மேடையில் ஐந்து நாற்காலி. நான்கு மணிக்கு நான்கு பேர் உட்கார்ந்துவிட்டார்கள். செல்வி இரண்டாவது வரிசையில், ஃபைலை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஐம்பத்தெட்டு நொடியைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறாள்.

"டிராபிக்கா இருக்கும்ணா" என்றாள்.

"இருக்கும்" என்றேன்.

நான்கேகால் ஆனது. வாசல் பக்கம் ஏதாவது சத்தம் கேட்டால் அவள் தலை திரும்பும். அவள் திரும்பும் ஒவ்வொரு தடவையும் நானும் கூடவே திரும்பிப் பார்த்தேன். இப்போது சொல்லலாம். குனிந்து காதில் ஒரே வாக்கியம். சொல்லவில்லை. இவ்வளவு நேரம் சொல்லாததற்கும் சேர்த்துக் காரணம் சொல்ல வேண்டியிருக்குமே என்ற பயம்தான் அப்போது பெரிதாக இருந்தது.

நான்கரைக்கு நிகழ்ச்சியை ஆரம்பித்தார்கள். ஐந்தாமவருக்கு அழைப்பு அனுப்பினோம், பதில் இல்லை என்றார் தொகுப்பாளர். செல்வியின் முறை வந்தது. எழுந்தாள். மைக்கைப் பிடித்தவள் அந்தக் காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேள்வி வரவில்லை.

"சொல்லுங்கம்மா, நாங்க அவரிடம் சேர்ப்பிக்கிறோம்" என்றார் தொகுப்பாளர்.

மேடையில் இருந்த ஒரு வேட்பாளர் உடனே மைக்கை இழுத்தார். "இந்தத் தாயின் கண்ணீருக்கு நான் பதில் சொல்கிறேன். எங்கள் ஆட்சி அமைந்ததும்..."

"சார், நீங்க சும்மா இருங்க" என்றாள் செல்வி. "நான் அழுவல. உங்கள கேக்கவும் வரல."

கூட்டம் கைதட்டியது. அவளுக்கு அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். நாங்கள் பயிற்சி செய்ததில் ஒரு நொடி கூட அவள் பேசவில்லை.

முன்வரிசையில் இருந்த ஒரு பையன் பின்னால் திரும்பி, தன் கைப்பேசியைக் காட்டினான். "அக்கா, இதோ பாருங்க. ஆளு லைவ்ல கீறாரு. அண்ணனூர்ல."

திறந்த ஜீப், மேளம், பூ. வேட்பாளர் கைகூப்பிக்கொண்டு நிற்கிறார். செல்வி அந்தச் சின்னத் திரையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். படம் அசைந்தபோது, "யாரு எடுக்கறது?" என்று ஒரு குரல் கேட்டது. "நான்தான், நீங்க நடங்க" என்று இன்னொரு குரல். அது முரளியின் குரல்.

5

அவள் எழுந்து வெளியே நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். ஆட்டோவில் ஏறியதும், "அண்ணனூர் போப்பா, சீக்கிரம்" என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை. திருமுல்லைவாயில் நெரிசலில் ஆட்டோ நின்று நின்று போனது. "வேணாம் செல்வி, கூட்டமா இருக்கும், தள்ளிவிட்ருவாங்க" என்றேன். அவள் ஃபைலைத் திறந்து மேலே இருந்த மனுவை மட்டும் உருவிக் கையில் வைத்துக்கொண்டாள்.

ஊர்வலத்தை ஒரு தெருமுனையில் பிடித்தோம். ஆரத்தி எடுக்கப் பெண்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். செல்வி நேரே போய் அந்த வரிசையில் நின்றுகொண்டாள். எல்லோர் கையிலும் தட்டு, இவள் கையில் காகிதம். யாரும் கவனிக்கவில்லை. ஜீப் ஒவ்வொரு பெண்ணிடமும் நின்று நின்று வந்தது. முன்னால், நீளக் கம்பியில் கைப்பேசியைப் பொருத்திக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து வந்தான் முரளி. அவன் முதுகுதான் எங்கள் பக்கம் இருந்தது.

ஜீப் அவளிடம் வந்தது. வேட்பாளர் குனிந்தார்.

"நான் தேவராஜ் சம்சாரம்" என்றாள் செல்வி. சத்தம் போடவில்லை. ஆனால் மேளம் அந்த நொடியில் ஓய்ந்திருந்ததால் நன்றாகக் கேட்டது. "பதினாறாம் நாளு எங்க ஊட்டுக்கு வந்து ஒரு வார்த்த குடுத்தீங்க. ஞாபகம் கீதா?"

அவர் சிரிப்பு மாறவில்லை. கண் மட்டும் முரளியைத் தேடியது. முரளி கைப்பேசியிலிருந்து கண்ணை எடுத்தான். அக்காவைப் பார்த்தான். அவளுக்குப் பின்னால் என்னைப் பார்த்தான். நான் சொல்லிக் கூட்டிவந்தேன் என்று அவன் நினைத்தது அவன் முகத்திலேயே தெரிந்தது. இல்லை என்று தலையை ஆட்டினேன். அவன் கம்பியை மெல்லச் சாய்த்தான். கைப்பேசி கொடிகளையும் அதற்கு மேலே வானத்தையும் பார்த்தது.

"ஆபீசுக்கு வாம்மா, பேசலாம்" என்றார் வேட்பாளர்.

"மண்டபத்துக்குக் கூப்ட்டாங்களே, ஏன் வரல? நாலு மணியிலர்ந்து ஒக்காந்துகினு இருந்தேன்."

யாரோ மேளக்காரர்களுக்குக் கைகாட்டினார்கள். சத்தம் கிளம்பியது. இரண்டு பேர் வந்து, "யக்கா, வண்டி போவணும், ஓரமா வாங்க" என்று அவள் தோளைத் தொடாமலே நகர்த்தினார்கள். வேட்பாளர் அவள் கையிலிருந்த மனுவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். ஜீப் நகர்ந்தது. முரளி மட்டும் ஒரு நொடி நின்றான். "ஊட்டுக்குப் போக்கா. அப்புறமா வரேன்" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனான்.

6

வீட்டுக்கு வந்து கைகால் கழுவினாள். விளக்கேற்றினாள். பிறகு என் எதிரில் வந்து நின்றாள்.

"நேத்து முகப்பேர்ல அவன் இதத்தான் சொன்னானா?"

ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

"அவரு வரமாட்டாருன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சிகினுதான் பக்கத்துல ஒக்காந்து, டிராபிக்கா இருக்கும்னு நான் சொன்னா, இருக்கும்னு சொன்ன."

"சண்டை வேணாம்னு பாத்தேன் செல்வி. நீங்க ரெண்டு பேரும்..."

"முரளி அவன் வேலைய செஞ்சான். நீ இன்னா வேலை செஞ்ச?"

அவ்வளவுதான். அழவில்லை, கத்தவில்லை. எனக்குத் தோசை வார்த்துப் போட்டாள். மீதமிருந்த வாரமும் மூன்று வேளையும் சாப்பாடு போட்டாள். ஊறுகாயும் பொடியும் கட்டிக்கொடுத்தாள். வேண்டும், வேண்டாம், போதுமா என்பதைத் தவிர ஒரு பேச்சு இல்லை.

முரளி சொன்னபடியே மூன்றாம் நாள் அந்த விவாதத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அவர் ஜெயித்தார். அந்த மழைக்கும் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றது. நான் விமானம் ஏறிய பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை முரளி செல்வி வீட்டுக்குப் போனானாம். ஒரு மணி நேரம் தெருவே கேட்கும்படி அவனைத் திட்டித் தீர்த்துவிட்டு, கறிக்குழம்பு வைத்துச் சோறு போட்டிருக்கிறாள். இப்போதும் வாரா வாரம் போகிறான். அந்தப் பாதைக்காக அவரிடம் நடையாய் நடக்கிறானாம். செல்வி போன் செய்து எதுவரை வந்திருக்கிறது என்று அவனைக் கேட்கிறாளாம்.

என்னிடம் அவள் சண்டை போடவே இல்லை. நான் கூப்பிட்டால் எடுத்து, "நல்லா கீறோம்" என்று சொல்லி வைத்துவிடுவாள். ஒன்பது மாதம் அப்படியே போயிற்று.

7

வியாழக்கிழமை காரை நிறுத்திய பிறகும் நான் இறங்கவில்லை. ஆதவனும் இறங்கவில்லை. எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன். தமிழில் சொன்னால் அவனுக்கும் ஆங்கிலத்தில் சொன்னால் எனக்கும் சரியாக வராததால், இரண்டிலுமாகச் சொன்னேன். என்னை நல்லவனாகக் காட்டும் இடங்கள் தமிழில் சுலபமாக வந்தன. அதைக் கவனித்தேன்.

முடித்ததும், "அத்தைகிட்ட சாரி சொன்னீங்களா?" என்றான்.

"எப்படிடா சொல்றது. அவதான் பேச விடலையே."

"நீங்க சொல்லவே இல்ல. அதானே?"

மூன்று வயதிலிருந்து இந்த ஊரில் வளர்ந்தவன், எங்கள் விஷயம் இவனுக்கு என்ன புரியும் என்று பல வருடங்களாக நானே தீர்மானித்து வைத்திருந்தேன்.

இங்கே சாயங்காலம் என்றால் அங்கே விடிந்திருக்கும். காரிலிருந்தே கூப்பிட்டேன். மூன்றாவது மணியில் எடுத்தாள். பின்னால் குக்கர் சத்தம்.

"நல்லா கீறோம்ணா" என்றாள், நான் கேட்பதற்கு முன்பே.

"செல்வி, வைக்காத. அன்னிக்கி எனக்குத் தெரியும். தெரிஞ்சும் உங்கிட்ட சொல்லாம ஏமாத்திட்டேன். சண்ட வேணாம்னு இல்ல. நீ என்ன கெட்டவனா நெனைக்கக் கூடாதுன்னு. அவ்ளோதான். தப்பு என்னோடது."

குக்கர் ஒரு விசில் அடித்தது. அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. அவள் வைத்துவிட்டாள் என்றே நினைத்து, கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

"நானே உன்ன கேட்டிருப்பேன்" என்றாள் கடைசியில். "கேட்டா நீ போன வெச்சிடுவியோன்னு இருந்தேன்."

"வைக்க மாட்டேன்."

"கேக்கறதுக்கு நெறைய கீது."

"கேளு."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் உட்காரும் சத்தம் கேட்டது. ஆதவன் கதவைத் திறந்து, சத்தமில்லாமல் சாத்திவிட்டு, வீட்டுக்குள் போனான்.